மணி அடிக்காத செய்தி

முதலில் சாய்ந்தவள் கருப்பம்மாள். தலையில் குடத்தோடு ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்து வந்தவள், கால் இடறியதுபோல் நின்றாள். குடத்தை இறக்கி வைக்கக் கையைத் தூக்கினாள். அதற்குள் குடத்தோடு சேர்ந்தே கீழே போனாள்.

குளிராம்பாறை எஸ்டேட்டின் பள்ளக்காட்டில் அன்றைக்கு மருந்தடிப்பு. எண்பத்து மூன்றாம் வருசம், ஆவணி மாசம், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். பம்பு பிடித்து அடிப்பது ஆண்கள் வேலை. பீப்பாயில் கலக்கிய பூச்சி மருந்தைக் குடத்தில் சுமந்து பம்புக்குக் கொண்டுபோய் ஊற்றுவது பெண்கள் வேலை. புதிதாக வந்திருந்த மருந்து, காரம் கூடியது. பள்ளத்துக்குள் காற்று அசையவில்லை. குடம் தளும்பித் தளும்பி, அந்தப் பெண்களின் தோளும் முதுகும் சேலையும் காலையிலிருந்தே மருந்தில் ஊறிக் கிடந்தன. கருப்பம்மாளைத் தூக்க ஓடிய சுப்புத்தாய் பாதி வழியிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு பெண்களைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மேட்டில் ஏறி வந்தபோது, எஸ்டேட் ஆபீசில் சந்திரவல்லி ஒயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கம்பளியில் கிடந்தது அவளுடைய அக்கா.

இருவரும் மலையடிவாரத்துத் தேவாரம் ஊர்க்காரர்கள். அப்பா போன பிறகு சுப்புத்தாய்தான் முதலில் மலைக்கு வேலைக்கு வந்தாள். தங்கை பத்தாவது முடித்ததும் அவளையும் வரவழைத்து, மேனேஜர் பங்களா வாசலில் நாள்கணக்காக நின்று, ஆபீஸ் வேலையில் சேர்த்துவிட்டாள். "நீ குடம் தூக்கக் கூடாது வல்லி. அதுக்கு நான் ஒருத்தி போதும்" என்பாள். மலையில் சந்திரவல்லிக்கு வேறு யாரும் இல்லை.

ஆபீசுக்கு அடுத்த அறைதான் எஸ்டேட் ஆஸ்பத்திரி. நான்கு கட்டில், ஒரு கண்ணாடி பீரோ. அங்கே டாக்டர் கிடையாது; கம்பவுண்டர் வெள்ளைத்துரை மட்டும். மலையில் எத்தனையோ மருந்தடிப்பைப் பார்த்த மனுசன். கம்பளிகளைக் கண்டதுமே அவர் முகம் மாறியது.

"சேலை ரவிக்கை எல்லாத்தையும் கழட்டி வெளிய எறிங்க. பொம்பளைக வாங்க, சோப்புப் போட்டு உடம்பக் கழுவுங்க. வெரசா" என்றவர், கருப்பம்மாளின் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயோரம் நுரை. உடம்பெல்லாம் வியர்வை கொட்டியது. தோலுக்கடியில் சதை தனித்தனியாகத் துடித்தது.

பீரோவைத் திறந்து அட்ரோபின் ஊசி மருந்தை எடுத்து எண்ணிப் பார்த்தார். சந்திரவல்லி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, இது ஒரு ஊசியோட நிக்கிற காரியமில்ல. நுரை அடங்குற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். இருக்கிறது இவங்க ஆறு பேருக்கு மத்தியானம் வரைக்குந்தான் காணும். கீழ போடிக்குச் சொல்லு. பெரிய ஆஸ்பத்திரியில எவ்வளவு இருந்தாலும் அள்ளிட்டு வரச் சொல்லு."

"அக்காவுக்கு?"

"அக்காவுக்கும் சேத்துத்தான் சொல்றேன். போ."

எஸ்டேட் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேனேஜர் காலையிலேயே போடிக்கு ஏலக்காய் ஏலத்துக்குப் போய்விட்டார். போடிமெட்டில் ஒரு போன் உண்டு. போன வாரக் காற்றில் மரம் விழுந்து அதுவும் ஊமையாகக் கிடந்தது. மெட்டுக்குப் போய் எந்த வண்டி கிடைத்தாலும் மறித்துக் கூட்டிவரச் சொல்லி, அமாவாசை என்ற ஆளைக் குறுக்குப் பாதையில் ஓட விட்டார்கள். அவன் மெட்டை எட்டவே பொழுது சாய்ந்துவிடும். மிச்சமிருந்தது ஒயர்லெஸ் பெட்டிதான்.

கம்பெனிக்கு மலையில் ஏழெட்டு எஸ்டேட்டுகள். எல்லாவற்றிலும் இதே போலப் பெட்டி. எல்லாப் பேச்சும் போய்ச் சேர்கிற இடம் போடி ஆபீஸ். அங்கே பெட்டிக்கு முன்னால் உட்காருகிறவர் குத்புதீன். பெட்டியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. பச்சையை அமுக்கிப் பேசினால், பேச்சு போடியில் ஒரு டேப்பில் பதிவாகும். சாயங்காலம் குத்புதீன் அதை ஓடவிட்டுக் கேட்டு, அரிசிக்கும் சாக்குக்கும் ஏற்பாடு செய்வார். மஞ்சளை அமுக்கினால் டேப்பில் பதிவாவதோடு போடியில் ஒரு விளக்கும் எரியும். சிவப்பை அமுக்கினால் மணி அடிக்கும்; ஆபீசில் மட்டுமல்ல, ஆபீசுக்குப் பின்கட்டில் இருந்த குத்புதீன் வீட்டிலும் அடிக்கும்.

முன்பெல்லாம் மஞ்சளுக்கும் மணி உண்டு. ஆனால் எல்லா எஸ்டேட்டிலும் எல்லாவற்றுக்கும் மஞ்சளையே அமுக்கினார்கள். மேனேஜர் சம்சாரத்துக்குத் தையல் நூல் வேண்டும் என்று சந்திரவல்லியே மஞ்சளில் கேட்டிருக்கிறாள். போடி ஆபீசில் நாள் முழுக்க மணி அடித்தது. முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். கோடையில் மதுரையிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து, எந்தச் செய்திக்கு மணி, எதற்கு விளக்கு, எது டேப்போடு போகட்டும் என்று தரம் பிரித்து, மஞ்சளின் மணி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனார். எந்தச் சரக்குக்கு எந்த நிறம் என்று ஒரு அட்டையும் அடித்துக் கொடுத்தார். மருந்து கேட்பது பச்சை. அவ்வளவுதான் அட்டையில் இருந்தது. பூச்சிக்கான மருந்தா, ஆளுக்கான மருந்தா என்று அது பிரிக்கவில்லை.

சிவப்புப் பொத்தானுக்கு மேலே ஒரு இரும்பு மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி மேனேஜரிடம். மேனேஜர் போடியில்.

சந்திரவல்லி மஞ்சளை அமுக்கினாள். அவளுடைய பெட்டியிலும் மஞ்சள் விளக்கு எரிந்தது. போடியில் யாராவது பார்த்து அணைத்தால்தான் இங்கேயும் அணையும்.

டேப் சுற்ற ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதலில் பேசுவது பதிவாகாது. அதனால் பெயரை இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் எப்போதும் பேசுவாள். அன்றைக்கு அதெல்லாம் நினைவில் இல்லை.

"பாய், மருந்தடிச்ச பொம்பளைக ஆறு பேரு விழுந்துட்டாக, எங்கக்காவும் விழுந்துருச்சு. குளிராம்பாறையில மருந்து தீரப் போகுது பாய். மத்தியானத்தோட காலியாயிரும். வெரசா மருந்து அனுப்புங்க. எவ்வளவு இருந்தாலும் அனுப்புங்க."

பதில் இல்லை. வெரசா மருந்து அனுப்புங்க என்பதை மட்டும் திரும்பச் சொன்னாள். பதில் இல்லை. அடுத்த அறையில் யாரோ முனகினார்கள். எழுந்து போய்ப் பார்த்தாள். சுப்புத்தாய் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. தங்கையைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்ல பிள்ள, கருப்பம்மாளப் பாருங்க" என்றாள். நாக்கு குழறியது.

கருப்பம்மாளின் ஆத்தா மொக்கம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், செய்தி கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். அழவில்லை. வெள்ளைத்துரையின் கை எந்தக் கட்டிலுக்குப் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்திரவல்லி பெட்டிக்குத் திரும்பி வந்தபோது மஞ்சள் விளக்கு அணைந்தது. பெட்டி கரகரத்தது. குத்புதீனின் குரல்.

"குளிராம்பாறை, கேட்டேன் தங்கச்சி. மருந்துதானே, வந்திருக்கு. நாளைக்குக் காலையில லோடுல ஏத்தி விடுறேன். இன்னைக்கு ஏலம், ஆளு இல்ல. நான் சாம்பிள் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

"பாய், அந்த மருந்து இல்ல" என்று அவள் கத்தினாள். "பாய், இருங்க. பாய்."

விளக்கு அணைந்தால் போடியில் ஒலிபெருக்கியும் அடங்கிவிடும். என்ஜினியர் அப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார். சளசளப்பு வேண்டாம் என்று. அவள் மறுபடியும் மஞ்சளை அமுக்கினாள். இங்கே விளக்கு எரிந்தது. அங்கேயும் எரிந்திருக்கும். அதைப் பார்க்கத்தான் அங்கே யாரும் இல்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் போடியில் ஒரு டேப்பில் ஒழுங்காகப் பதிவாகிக்கொண்டிருந்தது. பெயர்களைச் சொன்னாள். ஊசியின் பெயரைச் சொன்னாள். ஆளுக்குப் போடுகிற மருந்து என்று சொன்னாள். யாருமில்லாத அறையில் தன் குரல் சுற்றிச் சுற்றி நாடாவில் ஏறுவதை நினைத்தபோது பேச்சை நிறுத்தினாள்.

வெள்ளைத்துரை கைகளைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"நாளைக்கு லாரியில அனுப்புறாராம்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பூச்சி மருந்துன்னு நினைச்சுட்டாரா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆறு பேர் விழுந்ததைச் சொன்ன முதல் பேச்சு டேப்பில் ஏறவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

அவள் இரும்பு மூடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மேசையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்துப் பூட்டுக்குள் விட்டுத் திருகினாள். முனை ஒடிந்தது. அப்போதுதான் கணக்கப்பிள்ளை பொன்னுமணி வந்தார். ஐம்பது வயசுக்காரர், மேனேஜர் இல்லாத நாளில் ஆபீசுக்கு அவர்தான் பொறுப்பு.

"என்ன காரியம் செய்ற? எடு கைய."

"அய்யா, சாவி இல்ல. இத உடைக்கணும்."

"மேனேஜர் தொரை உத்தரவு இல்லாம செகப்பத் தொடக்கூடாது. தெரியுமில்ல? இந்தப் பூட்டே என்னாலதான் வந்துச்சு. அன்னைக்கு ஆனை வந்து லயத்து வீட்டுக் கதவ முட்டுனப்ப நான்தான் அமுக்குனேன். போடிக்குக் கூப்பிட்டு, அத்தனை பேருக்கு முன்னால நிக்க வச்சுக் கேட்டாக. ஆனை வந்தா போடியில இருந்து நாங்க என்னடா செய்யன்னு கேட்டாக. இன்னொரு தரம் நடந்தா வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிரணும்னு சொல்லித்தான் அனுப்புனாக. எனக்கு வேற போக்கிடம் இல்லம்மா."

"எங்கக்கா சாகப்போகுதுய்யா."

"தொரை சாயங்காலம் வந்துருவாரு."

"சாயங்காலம் யாரு இருப்பா?"

பொன்னுமணி பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே நின்றார். அவர் கெட்டவர் இல்லை என்று சந்திரவல்லிக்குத் தெரியும். அதனால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது. கெட்டவராக இருந்தால் பிடித்துத் தள்ளிவிட்டிருப்பாள். அவர் காலில் விழுந்தாள். அவர் துள்ளிப் பின்வாங்கினார்.

"இங்க வாங்க" என்று அவர் கையைப் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போனாள். "நீங்களே சொல்லுங்க இவங்ககிட்ட. தொரை வரட்டும்னு சொல்லுங்க."

நான்கு கட்டிலிலும் தரையில் இரண்டு பாயிலுமாக ஆறு பெண்கள் கிடந்தார்கள். அறையில் மருந்து நெடியும் வாந்தி நெடியும் கலந்து அடித்தது. கருப்பம்மாள் மூச்சு விடும்போது தண்ணீருக்குள்ளிருந்து குமிழி வருவதுபோல் சத்தம் கேட்டது. சுப்புத்தாயின் உடம்பு இப்போது துடிக்க ஆரம்பித்திருந்தது. தங்கை கூப்பிட்டதற்கு அவள் கண் திறக்கவில்லை.

பொன்னுமணி நின்ற இடத்திலேயே நின்றார். மொக்கம்மாள் வாசற்படியிலிருந்து அவரை அண்ணாந்து பார்த்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். ஓடிப்போய்விட்டார் என்றுதான் சந்திரவல்லி நினைத்தாள். ஆனால் ஸ்டோரிலிருந்து ஒரு சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"நான் பெட்டியப் பிடிச்சுக்கிறேன். நீ அடி. பெட்டி ஆடுச்சுன்னா உள்ள இருக்கிறது போயிரும்" என்றார்.

பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவள் உளியைக் கீலில் வைத்து அடித்தாள். முதல் அடி அவர் விரலில் விழுந்தது. அவர் பிடியை விடவில்லை. நாலைந்து அடியில் கீல் பெயர்ந்து மூடி ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே சின்னதாக, தூசி படிந்து சிவப்பு.

கட்டைவிரலால் அமுக்கியவள் விரலை எடுக்கவே இல்லை. மலையில் ஒரு சத்தமும் கேட்காது. போடியில் மணி அடிக்கிறதா, அந்த ஒயரையும் பிடுங்கிவிட்டார்களா, எதுவும் தெரியாது. வெறும் கரகரப்பு. பொன்னுமணி ரத்தம் சொட்டும் விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "இன்னும் அமுக்கு, இன்னும் அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு பெட்டியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"யாரு? அவுக இல்லையே. ஏலத்துக்குப் போயிருக்காக."

பெண் குரல். குத்புதீனின் சம்சாரம் நபீசா. சந்திரவல்லி அவளைப் பார்த்ததே இல்லை. பெட்டியின் பக்கமே வராதவள், மணி நிற்காமல் அடிக்கவே அடுப்பை விட்டு ஓடி வந்திருந்தாள்.

"மதினி, வச்சுராதீக. நான் குளிராம்பாறை. பேசி முடிச்சதும் கைப்பிடியில அமுக்கியிருக்கிற கட்டைய விட்ருங்க, அப்பத்தான் நான் பேசுறது கேக்கும்."

"விட்டுட்டேன். சொல்லு."

இந்தத் தரம் சந்திரவல்லி நிதானமாகச் சொன்னாள். எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று அவளுக்கே தெரியாது. "ஆறு பொம்பளைக பூச்சி மருந்து பட்டுச் சாகக் கிடக்காக. பூச்சிக்கு அடிக்கிற மருந்து வேணாம். ஆளுக்குப் போடுற ஊசி மருந்து வேணும். பேரு அட்ரோபின். பெரியாஸ்பத்திரியில கேளுங்க. டாக்டர் வந்தா டாக்டர். ஜீப்பு ஸ்டாண்டுல எந்த வண்டி நின்னாலும் ஏத்தி விடுங்க."

"அட்ரோபின்" என்றாள் நபீசா. "இன்னொரு தரம் சொல்லு, கையில எழுதிக்கிறேன்."

சொன்னாள். நபீசா எழுத்துக் கூட்டிச் சொல்லிக் காட்டினாள். சரியாக இருந்தது.

"ஆறு பேருல உனக்கு யாராச்சும் இருக்காகளா?"

"எங்கக்கா."

"நான் ஓடுறேன். நீ அங்கனயே இரு" என்றாள். கரகரப்பு நின்றது.

போடியிலிருந்து மலைக்கு ஜீப் ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கி மெட்டுக்கு வந்து, அங்கிருந்து சேறும் கல்லுமான எஸ்டேட் ரோட்டில் உருண்டு வரவேண்டும். செய்தி போய்விட்டது என்று சொன்னதும் வெள்ளைத்துரை நிம்மதிப்படுவார் என்று சந்திரவல்லி எதிர்பார்த்தாள். அவர் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரே ஒரு குப்பி.

"இதான் கடைசி" என்றார்.

மற்ற நான்கு பேரும் கொஞ்சம் தெளிந்து வந்தார்கள். இரண்டு பேர்தான் இழுபறி. கருப்பம்மாளுக்குத்தான் அதுவரை அதிகம் போட்டிருந்தார். மூச்சு அடங்குவதும் மறுபடி கொதிப்பதுமாக இருந்தாள். சுப்புத்தாய்க்குக் கடைசியாகத்தான் முற்றியது. அவளுக்குப் போட்டது குறைவு.

"அண்ணே" என்றாள் சந்திரவல்லி. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் என்ன கேட்கிறாள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வாசற்படியில் இருந்தவளுக்கும்.

வெள்ளைத்துரை இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்றார். கருப்பம்மாளின் இமையை விலக்கிப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றார். பிறகு குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றிச் சுப்புத்தாயின் கையில் குத்தினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சந்திரவல்லியின் நெஞ்சு முதலில் குளிர்ந்தது. அப்புறம்தான் அந்தக் குளிர்ச்சியை நினைத்து உடம்பு கூசியது. மொக்கம்மாள் எழுந்து உள்ளே வந்து, மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயோர நுரையைத் துடைத்தாள். நுரை வந்தது, துடைத்தாள். மறுபடி வந்தது, மறுபடி துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் துடைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவள் கை மட்டும் ஓயவில்லை. வெள்ளைத்துரைதான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஜீப் சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது. முன்சீட்டில் ஒரு சின்ன வயசு டாக்டர், மடியில் அட்டைப் பெட்டி. பின்னால் குத்புதீன். நபீசா உள்ளங்கையை நீட்டிக் காட்டியதும் ஆஸ்பத்திரியில் யாரும் கேள்வி கேட்கவில்லையாம். இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தார்களாம். அங்கிருந்து ஏலம் நடக்கிற இடத்துக்கு ஓடி, அத்தனை ஆண்களுக்கு நடுவே புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். மேனேஜரின் ஜீப் டயர் பஞ்சராகி நின்றதால், ஸ்டாண்டில் நின்ற ஒரு ஜீப்பில் இவர்கள் ஏறி வந்திருந்தார்கள்.

டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போனார். சுப்புத்தாயிடம் வந்ததும் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே இருந்தார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவள் தண்ணீர் கேட்டாள். "வாய் காஞ்சிருச்சு, மருந்து பிடிச்சிருச்சு. இனிப் பயமில்ல" என்றார் டாக்டர். ஐந்து பேரையும் ஜீப்பில் படுக்க வைத்துப் போடிக்கு இறக்கினார்கள்.

குத்புதீன் ஆபீஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நாளைக்குன்னு சொன்னேனே தங்கச்சி" என்றார். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அவரைத் திட்டச் சந்திரவல்லிக்கு வார்த்தைகள் நிறைய இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுவாரம் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூடியைத் திரும்ப மாட்டிப் பூட்டிவிட்டு, அதை உடைத்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள் சந்திரவல்லி. பெட்டியைப் பிடித்தது நான் என்றார் பொன்னுமணி, கட்டுப் போட்ட விரலோடு. மேனேஜர் இருவரையும் வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேசத் தொடங்கியபோது, வெளியே சத்தம் கேட்டது. அன்றைக்கு மருந்தடிப்புக்குக் குறித்த நாள். ஆண்கள் பம்பையும் பெண்கள் குடங்களையும் ஆபீஸ் முற்றத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். சிவப்புக்குப் பூட்டு இருக்கிறவரை எவரும் பள்ளக்காட்டில் இறங்க முடியாது என்று அமாவாசை முன்னால் வந்து சொன்னான். இனிமேல் தலையில் குடம் சுமக்க மாட்டோம் என்று பின்னாலிருந்து பெண்கள் சொன்னார்கள். ஏலம் காய் பிடித்து நிற்கிற காலம். கம்பெனி ஆட்கள் உள்ளே போய்ப் பேசினார்கள், வெளியே வந்தார்கள், மறுபடி உள்ளே போனார்கள். கடைசியில் அந்த மதுரை என்ஜினியரையே வரவழைத்து மூடியைக் கழற்றினார்கள். மஞ்சளுக்கு மணி திரும்ப வந்தது. ஒரே ஒரு அடி. அட்டையில் மருந்து என்று இருந்த வரியை அடித்துவிட்டு இரண்டு வரிகளாக எழுதினார்கள். மருந்தைப் பம்புக்குக் கொண்டுபோக ரப்பர் குழாய் வந்தது. வேலையிலிருந்து யாரையும் நிறுத்தவில்லை. கருப்பம்மாள் பெயரை அந்தக் கூட்டத்தில் கம்பெனிக்காரர்கள் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சுப்புத்தாய் பிழைத்துக்கொண்டாள். கால் நரம்புதான் முழுசாகத் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கடைசி ஊசி தனக்குப் போனது அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அப்புறமும் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சந்திரவல்லிக்கு மட்டும் அது உள்ளுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொக்கம்மாளின் லயத்துக்குப் போனாள். மொக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஆத்தா, அன்னைக்கு அந்தக் கடைசி ஊசி" என்று தொடங்கினாள் சந்திரவல்லி.

"தெரியும். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"நான் அண்ணேன்னு கூப்பிடாம இருந்திருந்தா, ஒருவேளை உங்க மகளுக்கு..."

மொக்கம்மாள் கையை நிறுத்தினாள்.

"எனக்கும் கூப்பிடத் தோணுச்சு. வாய் வரல. நீ முந்திக்கிட்ட" என்றாள். "உன்மேல எனக்குக் கோவம் இருக்கு. அது போகுமான்னு தெரியல."

சந்திரவல்லி நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு" என்றாள் மொக்கம்மாள். "இந்த மழைக்கு வெறகெல்லாம் ஈரம். பிளக்க முடியல. அந்தப் பக்கத்தப் பிடி."

சந்திரவல்லி உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள்.